விலை ஒண்ணு, மதிப்பு ஒண்ணு: கைத்துப்பாக்கியின் கதை

மாட்டுச் சந்தைக்குப் போனவங்களுக்குத் தெரியும். தரகர் துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு விலை பேசுவார். சுத்தி நிக்கிற யாருக்கும் எவ்வளவுன்னு தெரியாது. ஆனா மாட்டோட பல்லு, சுழி, நடை எல்லாம் வெட்டவெளியில இருக்கும். யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம். விலை ரகசியம், மதிப்பு பகிரங்கம். முதல் மாடு வாங்கப் போற பையனுக்குப் பெரியவங்க சொல்ற புத்தி ஒண்ணுதான்: துண்டைப் பார்க்காதே, மாட்டைப் பாரு.

கைத்துப்பாக்கியில இது அப்படியே தலைகீழ். விலையைக் கடையில கேட்டா சொல்லிடுவாங்க. மதிப்புதான் கண்ணுக்குத் தெரியாது. பளபளன்னு இருக்கிற குழலுக்குள்ள இரும்பு எப்படி இருக்குங்கிறதும், அவசரத்துல அது வேலை செய்யுமாங்கிறதும், மத்த நாளெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யுங்கிறதும் வாங்குற அன்னைக்குத் தெரியாது.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகள்ல தனியா இருந்த வயசானவங்களைக் கொன்னு நகையை எடுத்துட்டுப் போன செய்திகளை நீங்களும் படிச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் ஊருக்குள்ள ஒரு பேச்சு அடிக்கடி வருது. டவுன்ல இருந்து வர்ற நண்பர்களும் கேக்குறாங்க: "காட்டுக்குள்ள தனியா இருக்கீங்களே, ஒரு ரிவால்வர் வாங்கி வச்சா என்ன? எவ்வளவு ஆகும்?" எவ்வளவு ஆகும்ங்கிற கேள்விக்கு வரலாற்றுல நல்ல பதில் இருக்கு. கொஞ்சம் சுத்தி வரணும், அவ்வளவுதான்.

சொந்தக் காசுல வாங்கின அதிகாரிகள்

இந்த நாட்டுக்குள்ள கைத்துப்பாக்கி பரவினது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோட இடுப்புல. சிப்பாய்க்குத் துப்பாக்கியை அரசாங்கம் கொடுத்தது. அதிகாரி தன்னோட வாளையும் கைத்துப்பாக்கியையும் தன் காசுல வாங்கிக்கணும். முதல் உலகப் போர் வரைக்கும் இதுதான் வழக்கம். இங்கிலாந்துல படிப்பை முடிச்சுட்டு, இருபது வயசுல இந்தியாவுக்குக் கப்பலேறப் போற பையன் சம்பளக் கணக்கையும் உயிரையும் தராசுல வச்சுப் பார்த்த இடம் துப்பாக்கிக் கடைதான். அவன் வாங்கினது நம்ம ஆளுங்க மேல நீட்டப்பட்டது. அதை ஒதுக்கி வச்சுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கோல்ட் தன்னுடைய ரிவால்வர்களைக் கொண்டுவந்து காட்டினார். பெரும்பாலும் இயந்திரத்தில் கடைந்த பாகங்கள், கைவேலை குறைவு. இதே மனுஷர் ஆரம்பத்தில் பேட்டர்சன் என்ற ஊரில் நடத்திய கம்பெனி 1842-ல் நொடித்துப் போயிருந்தது. இரண்டாம் தடவை இயந்திரத்தை நம்பி எழுந்து வந்தார். கண்காட்சியில் அவருக்கு எதிராக நின்றவர் லண்டன்காரர் ராபர்ட் ஆடம்ஸ். ஆடம்ஸின் துப்பாக்கியில் கைவேலை அதிகம்.

கோல்ட் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்துட்டுத்தான் சுடணும். குறி நல்லா வரும், வேகம் குறையும். ஆடம்ஸில் விசையை இழுத்தால் போதும், மற்றதை அதுவே செய்யும். தோட்டாவும் பெரிசு. தூரத்தில் நிதானமாகச் சுடுபவருக்குக் கோல்ட் நல்லது. மூணு முழத் தூரத்தில் வாளோட ஒருத்தர் ஓடிவரும்போது ஆடம்ஸ் நல்லது. 1856-ல் பியூமாண்ட் என்ற பொறியாளர் படை அதிகாரி செய்த திருத்தத்தோடு, இரண்டு விதமாகவும் சுடக்கூடிய ஆடம்ஸ் வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. கோல்ட் லண்டனில் திறந்த தொழிற்சாலை சில வருஷத்திலேயே மூடப்பட்டது.

இயந்திரத்தில் செய்ததா, கையில் செய்ததா என்பதில் மதிப்பு இல்லை. எந்த இடத்தில், எந்த அவசரத்தில் எடுக்கப் போறோம் என்பதில்தான் இருந்தது. உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் ஒரே கண்ணால பார்க்க முடியாதே, அது மாதிரி.

அரசாங்கம் செய்தா நல்லா இருக்கும்னு நம்பினவங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. 1880-ல் அரசுத் தொழிற்சாலையில் என்ஃபீல்டு ரிவால்வரைச் செய்து கொடுத்தார்கள். திறந்தால் சுட்ட கூடுகள் எல்லாம் முழுசா வெளியே விழாது, ஒண்ணு மாட்டிக்கும். சண்டையில் அந்த ஒரு கூடுதான் உயிர். ஏழே வருஷத்தில் அதைக் கைவிட்டு, 1887-ல் பர்மிங்காம் வெப்ளி கம்பெனியின் ரிவால்வருக்கு மாறினார்கள். நடுவில் மடக்கித் திறந்தால் ஆறு கூடும் ஒரே தட்டில் வெளியே வந்துவிடும். முதல் உலகப் போரின் சேற்றிலும் தாங்கியது. வெப்ளிங்கிற பேர் இந்தியாவில் இன்னிக்கும் விலை பேசுறதுக்கு அடித்தளம் அங்கதான் போடப்பட்டது.

முத்திரையும் பெயரும்

வெப்ளி 1872-ல் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று ஒரு குட்டி ரிவால்வரை விட்டது. சட்டைப் பையில் அடங்கும். உடனே பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதே மாதிரி செய்து, பல நேரம் அதே பெயரையும் பொறித்து, மலிவாகக் கொட்டினார்கள். மேலே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கும் இரும்பும் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு விதம்.

கண்ணுக்குத் தெரியாத மதிப்பைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வந்ததுதான் சோதனை முத்திரை. பர்மிங்காமில் 1813-ல் சட்டம் போட்டு ஒரு சோதனைக்கூடம் வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்தால் குப்பை. தாங்கினால் அதில் முத்திரை குத்துவார்கள். வாங்குபவன் பார்க்க வேண்டியது வேலைப்பாட்டை இல்லை, அந்தச் சின்ன முத்திரையை.

ஆனா மனுஷ மனசு முத்திரையைவிடப் பேருக்குத்தான் மயங்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி.ஆர் அண்ட் சன்ஸ் கடை, அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. சீமையில் செய்த துப்பாக்கியின் மேல் 'மெட்ராஸ்' என்று கடைப் பெயர் பொறித்திருக்கும். ஜமீன்தார் வீட்டுச் சுவரில் அது தொங்கினால் ஒரு கௌரவம். அதுவும் ஒருவிதத்தில் மதிப்புதான். ஆனா அந்த மதிப்பு திருடன் வர்ற ராத்திரிக்கு உதவாது, கல்யாணப் பந்தலுக்கு உதவும்.

தோள்பட்டை சொன்ன தீர்ப்பு

வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றி நமக்கு நல்ல வார்த்தை சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா கைத்துப்பாக்கி வாங்குற கதையில் அவருக்கு ஓர் இடம் உண்டு. 1896-ல் குதிரைப்படை அதிகாரியாகப் பம்பாய் சசூன் துறையில் இறங்கும்போது, படகிலிருந்து எட்டிச் சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தார். அலை படகைக் கீழே இழுத்தது. வலது தோள் இறங்கிவிட்டது. ஆயுசுக்கும் அது சரியாகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சூடானில் ஓம்டுர்மான் போர். 1898 செப்டம்பர் 2. மற்ற குதிரை வீரர்கள் ஈட்டியும் வாளுமாகப் பாய, சர்ச்சில் தோளுக்குப் பயந்து வாளை உறையில் போட்டுவிட்டு, ஜெர்மனியில் செய்த மௌசர் பிஸ்டலை எடுத்தார். பத்துத் தோட்டா போடலாம். பெட்டி மாதிரி பெரிசு, விசித்திர உருவம். அவருடைய தோளுக்கு அதுதான் சரி. அடுத்த குதிரையில் போனவனுக்கு அது தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே பொருள், ஒரே விலை. மதிப்பு மட்டும் வாங்குபவனின் உடம்பைப் பொறுத்து மாறுது.

சட்டம் விலையைக் கையில எடுத்தப்போ

இதுவரைக்கும் சொன்னதில் விலையை நிர்ணயித்தது பட்டறையும் போட்டியும். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேணும். ஐரோப்பியருக்கு வேண்டாம். காங்கிரஸ் தன் ஆரம்பகால மாநாடுகளிலேயே இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நமக்குப் பக்கத்துக் குடகு மக்களுக்கு மட்டும் தனி விலக்கு இருந்தது. இன்னிக்கும் நீட்டித்து வருகிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு துப்பாக்கிக்கு இரண்டு விலை. கடையில் சொல்ற விலை ஒண்ணு, லைசென்ஸ் கிடைக்கிற விலை ஒண்ணு. இரண்டாவது விலை பணத்தில் மட்டும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை, தாசில்தாருக்கு என்ன தோணுது, போலீஸ் ரிப்போர்ட் எப்படி வரும் என்பதில் இருந்தது. துப்பாக்கி ஒரு கருவியாக இருந்தது போய், அந்தஸ்து ஆகிவிட்டது.

சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் எழுதி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விவசாயிங்களுக்கு அதில் ஒரு தனி வரி உண்டு. பயிர்க் காவலுக்கு என்று உண்மையாகக் கேட்டால், வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாதுன்னு அதிகாரி நினைச்சா வேற வழுவழுப்புக் குழல் துப்பாக்கி தரலாம். கைத்துப்பாக்கிக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அதுக்கு வேற காரணம் காட்டி, அதிகாரியைத் திருப்திப்படுத்தணும். சட்டம் எழுதினவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கு: பன்றியை விரட்டறதுக்கு ரிவால்வர் உதவாது. சத்தத்துக்கு நாட்டுத் துப்பாக்கியே போதும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் லைசென்ஸ் துப்பாக்கி கையில இருந்தாலும் பன்றியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது. விரட்டலாம், அவ்வளவுதான்.

அந்தப் பழைய வெப்ளிக்கு என்ன ஆச்சு? புது விதிகளில், ராணுவம் பயன்படுத்துற அளவுத் தோட்டா போடுற கைத்துப்பாக்கிகள் தடை செய்த வகைக்குப் போயிடுச்சு. அதிகாரிகள் இடுப்பில் இருந்த .455 வெப்ளியும் அதில் சேர்த்தி. சாதாரண ஆளுக்கு மிஞ்சினது பெரும்பாலும் .32 அளவு. அப்புறம் 1980-களின் நடுவில் தனி ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்றதையும் அரசு நிறுத்தியது. பேர் பெற்ற சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏற்கெனவே நாட்டுக்குள்ள இருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும்போதெல்லாம் விலை ஏறியது. உள்ளே தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்த ஐம்பது வருஷத்து .32 வெப்ளி, அது பிறந்த நாட்டில் கேட்டால் சிரிக்கிற அளவு விலைக்கு இங்கே போனது. லட்சக்கணக்கில் கைமாறியது. இரும்பு அதேதான். புதுசா வரத்து இல்லை, அதுதான் காரணம். பைபாஸ் வரப் போகுதுன்னு பேச்சு வந்ததும் கல்லாங்காட்டுச் சென்ட்டு விலை ஏறும் பாருங்க, அதே கதை. மண்ணு ஒரு படி கம்புகூட அதிகமா விளைஞ்சு தராது. விலை மட்டும் விளையும்.

கான்பூரில் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. அதுவும் வெப்ளியின் அதே மடக்கு உருவம்தான். வெப்ளி கம்பெனியே இப்போ உத்தரப் பிரதேசத்துச் சண்டிலாவில் ஒரு உள்ளூர் நிறுவனத்தோடு சேர்ந்து செய்கிறது. நூத்தி முப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்மை அடக்க வந்த பேரை, இப்போ நாம லைசென்ஸுக்கு வரிசையில நின்னு வாங்குறோம்.

நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். பேரும் 'நிர்பயா'வை நினைவூட்டுற பேர். டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ, .32 அளவு. நகை வைக்கிற மாதிரி பெட்டியில் வந்தது. விலை 1,22,360 ரூபாய்.

அப்போ நிறையப் பேர் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசிப் பஸ்ஸில் வீடு திரும்புற பெண், மில்லு ஷிப்ட் முடிந்து நடந்து வர்ற பெண், களையெடுத்துட்டு இருட்டுல வர்ற பெண், இவங்கள்ல யாரால் இதை வாங்க முடியும்? நியாயமான கேள்வி. ஆனா விலையைப் பாதியாக் குறைச்சிருந்தாலும் இன்னொரு கேள்வி நிக்கும். லைசென்ஸ் வாங்கி, பயிற்சி எடுத்து, கைப்பையில் வச்சு, ஆபத்து வர்ற அந்த ரெண்டு விநாடியில் எடுத்துச் சுட முடியுமா? பெரும்பாலான கொடுமை தெரிஞ்சவங்க கையாலதான் நடக்குது. அங்கே பைக்குள்ள இருக்கிற துப்பாக்கி யாருக்குப் பயன்படும்? அவளுக்கா, அதைப் பிடுங்கறவனுக்கா?

வீடு கொடுக்கிற விலை

இனிமேதான் முக்கியமான கணக்கு. கைத்துப்பாக்கி வாங்குறவர் மனசுல ஒரே ஒரு ராத்திரி இருக்கும், திருடன் வர்ற ராத்திரி. அது வரலாம், வராமலே போகலாம். ஆனா துப்பாக்கி மத்த எல்லா ராத்திரியும் அந்த வீட்டுலதான் இருக்கும். கடன்காரன் வந்துட்டுப் போன ராத்திரி, மகன் பரீட்சையில் தோத்த ராத்திரி, புருஷன் பொண்டாட்டி சண்டை முத்தின ராத்திரி.

இதைக் கணக்குப் போட்டு அமெரிக்காவில் பார்த்திருக்காங்க. கலிஃபோர்னியாவில் அதுவரை கைத்துப்பாக்கி வச்சிருக்காத இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவங்களை 2004-லிருந்து 2016 வரை பின்தொடர்ந்து, 2020-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டாங்க. முதல் கைத்துப்பாக்கி வாங்கின ஆண்கள் துப்பாக்கியால் தன் உயிரைப் போக்கிக்கிற வாய்ப்பு, வாங்காதவங்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களுக்கு முப்பத்தஞ்சு மடங்கு. சாகணும்னு நினைச்சு வாங்கினவங்க கணக்கு மட்டும்தானே இதுன்னு தோணும். அதுவும் உண்டு. ஆனா அப்படி நடந்த சாவுகளில் பாதிக்கு மேல, வாங்கி ஒரு வருஷத்துக்கு அப்புறம் நடந்தது. பாதுகாப்புக்குன்னு வீட்டுல வச்சது, ஒரு கெட்ட நேரத்தில் கைக்கு எட்டின தூரத்தில் இருந்திருக்கு.

இந்த விஷயம் விவசாயிங்களுக்குப் புதுசு இல்லை. நம்ம வீட்டுல அந்த இடத்துல பூச்சிமருந்து இருக்கு. இலங்கையில 1995-ல் கடுமையான விஷ மருந்துகளைத் தடை பண்ணினாங்க, அப்புறம் இன்னும் சிலதையும். பத்து வருஷத்துல அந்த நாட்டோட தற்கொலை விகிதம் பாதியாக் குறைஞ்சது. துக்கம் குறையல, கடன் குறையல. கையில கிடைக்கிறது குறைஞ்சது. கோபமும் வருத்தமும் ஒரு மணி நேரத்துல தணியும். அந்த ஒரு மணி நேரம் எதுவும் கைக்கு எட்டாம இருந்தாலே மனுஷன் பிழைச்சுக்குவான். (மனசு தாங்கலைன்னா 104-க்கோ 14416-க்கோ போன் பண்ணிப் பேசுங்க. பேசறதுல வெட்கம் இல்லை.)

அப்போ, எவ்வளவு ஆகும்?

பட்டறை போடுற விலை முதல் படி. லைசென்ஸ், பயிற்சி, பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டி, தவறாம புதுப்பிக்கிறது இரண்டாம் படி. வரத்து இல்லாததால் ஏறின விலை மூணாவது. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு, முடிஞ்சதும் வாங்கி வரணும். தேர்தல்னு திருடன் லீவு போடப் போறதில்லை. வச்சிருந்தவர் காலமாகிட்டா பையன் அப்படியே எடுத்துப் பீரோவுல வச்சுக்க முடியாது, அவனுக்கும் லைசென்ஸ் வேணும். தாத்தா துப்பாக்கி வாரிசுக்குச் சொத்தா வராது, வேலையா வரும். இது எல்லாத்துக்கும் மேல, அந்த வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரோட கெட்ட நாளும் கடைசிப் படி. அதைக் கடைக்காரர் பில்லுல போட மாட்டார்.

நிஜமான மிரட்டல் இருக்கிற ஆளுக்கு, சட்டம் ஒத்துக்கிட்ட காரணம் இருக்கிற ஆளுக்கு, துப்பாக்கி வேண்டாம்னு நான் சொல்ல வரலை. அப்படிப்பட்டவர் வாங்கினா பழைய வெப்ளியோட பேருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சோதனை முத்திரையோட, சுட்டுப் பழகின, உங்க கைக்கு அடங்குற புதுசை வாங்குங்க. தோட்டா வேற இடத்துல, துப்பாக்கி வேற இடத்துல, ரெண்டுக்கும் பூட்டு. அந்த இருபது வயசு வெள்ளைக்கார அதிகாரி கத்துக்கிட்டதும் இதில் பாதிதான்: எந்த இடத்துல எடுக்கப் போறேன்னு முதல்ல யோசி, விலையை அப்புறம் கேளு.

தோட்டத்து வீட்டுல தனியா இருக்கிற பெரியவங்களுக்கு என்னோட பதில் வேற. திருடன் தூங்கும்போதுதான் வருவான், பின்கதவு வழியா வருவான். எழுபது வயசுக் கை, கண்ணாடியைத் தேடி எடுத்து, பெட்டியைத் திறந்து, தோட்டா போட்டுச் சுடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அந்த ஒன்னேகால் லட்சத்துல நாலு மூலைக்கு லைட்டு, கதவுக்கு உள் தாழ்ப்பாள், கேமரா, ரெண்டு நாட்டு நாய், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரைக்கும் கேக்குற ஒரு சைரன், எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும். நகையை பேங்க் லாக்கர்ல வச்சுட்டு, அது வீட்டுல இல்லைங்கிறதை ஊருக்கே சொல்லிடுங்க. நாய்க்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டாம், தேர்தலுக்கு ஸ்டேஷன்ல விட வேண்டாம். எந்தக் கெட்ட ராத்திரியிலும் அது வீட்டு ஆளைக் கடிக்காது.